‘பிள்ளை மெல்ல நடக்கும்’ என்று எத்தனை மாதம் காத்திருப்பது?

"ஏம்மா அவசரப்படுற? இவன் அப்பாகூட ரெண்டு வயசுலதான் நடந்தான்!"

பேரப்பிள்ளைக்கு ஒன்றரை வயதாகியும் நடை வரவில்லையே என்று மருமகள் முகம் வாடும்போது, மாமியார் சொல்லும் ஆறுதல் இது. நம் வீடுகளில் இந்த வார்த்தையைக் கேட்காத தாய்மார்கள் குறைவு. அதில் அன்பு இருக்கிறது. நாலு பிள்ளைகளை வளர்த்த அனுபவமும் இருக்கிறது. ஆனால் சில பிள்ளைகளுக்கு அந்த ஆறுதலே எமனாகி விடுவதுண்டு. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைக்காத மாதமாகி விடுகிறது.

குழந்தை வளர்ப்பைப் பற்றித் தொலைக்காட்சிக் கருத்துக்களங்களில் பேச்சு எழும்போதெல்லாம் பெற்றோர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள். எப்போது டாக்டரிடம் காட்டுவது? பிசியோதெரபி என்பது என்ன, பிடித்துவிடுவதா? எத்தனை நாளில் குணமாகும்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதி வீட்டில் நாம் செய்யும் வேலையில் போகும்.

பாட்டி சொல்வதில் பாதி உண்மை

முதலில் பாட்டிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் நடப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006ஆம் ஆண்டில் ஓர் அட்டவணையை வெளியிட்டது. அதன்படி துணையில்லாமல் உட்காருவதற்கான காலம் ஏறக்குறைய 4ஆம் மாதத்திலிருந்து 9ஆம் மாதம் வரை. தனியாக நடப்பதற்கான காலம் 8ஆம் மாதத்திலிருந்து 17ஆம் மாதத்தையும் தாண்டி நீள்கிறது. கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழாமலேயே எழுந்து நடந்த குழந்தைகளும் அந்த ஆய்வில் 4 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம்.

ஆகவே, பக்கத்து வீட்டுப் பிள்ளை 10 மாதத்தில் நடந்துவிட்டதே என்று 12 மாதப் பிள்ளையின் தாய் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் 18 மாதம் முடிந்தும் நடக்கவில்லை என்றால், அதற்குமேல் பாட்டியின் ஆறுதல் செல்லாது. மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குக் கணக்கு வேறு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தையின் வயது 8 மாதம் என்றால், வளர்ச்சியைப் பார்க்கும்போது அதை 6 மாதப் பிள்ளையாகவே கொள்ள வேண்டும். இரண்டு வயது வரை இந்தத் திருத்தக் கணக்கைத்தான் மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள்.

தாமதம் மட்டுமா, வேறு அடையாளமும் உண்டா?

நடை தாமதமாவது மட்டுமே அறிகுறி அல்ல. ஒரு பிள்ளை எப்போது செய்கிறது என்பதைப் போலவே, எப்படிச் செய்கிறது என்பதும் முக்கியம். கீழே உள்ளவற்றில் ஒன்று தென்பட்டாலும் அடுத்த ஊசி போடும் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

• 4 மாதம் கடந்தும் கழுத்து நிற்காமல் இருப்பது, அல்லது கை விரல்கள் எந்நேரமும் மூடியே இருப்பது.

• உடை மாற்றும்போது இரண்டு கால்களும் கத்தரிக்கோலைப் போல் பின்னி விறைத்துக்கொள்வது. அதற்கு நேர்மாறாக, தூக்கினால் ஈரத்துணியைப் போல் உடல் துவண்டு விழுவது.

• 9 மாதம் கடந்தும் துணையில்லாமல் உட்கார முடியாமல் இருப்பது.

• ஒரு வயதுக்கு முன்பே எதை நீட்டினாலும் ஒரே கையால் மட்டும் வாங்குவது. "இவன் இடக்கைக்காரன்" என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவோம். ஆனால் அந்த வயதில் பிள்ளைகள் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பயன்படுத்துவதே இயல்பு. ஒரு கையை ஒதுக்குகிறது என்றால் அந்தக் கையில் ஏதோ குறை இருக்கக்கூடும்.

• முன்பு செய்துகொண்டிருந்த ஒன்றைப் பிள்ளை செய்யாமல் விட்டுவிடுவது. உட்கார்ந்த பிள்ளை உட்கார மறந்தால், அது எந்த வயதாக இருந்தாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பெருமூளை வாதம் யார் குற்றம்?

இப்படிப்பட்ட அடையாளங்களுக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பிசியோதெரபி நிலையங்களில் மிக அதிகமாகக் காணப்படுவது பெருமூளை வாதம். மருத்துவர்கள் இதைச் ‘செரிப்ரல் பால்சி’ என்பார்கள். 1000 பிறப்புக்கு ஏறக்குறைய 2 குழந்தைகளை இது பாதிப்பதாகப் பல நாடுகளின் பதிவுகள் காட்டுகின்றன.

வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில், அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதி காயப்படுவதால் வருவது இது. வில்லியம் ஜான் லிட்டில் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், 1861ஆம் ஆண்டு லண்டனில் ஆற்றிய உரையில் இதைப் பிரசவச் சிக்கலோடு தொடர்புபடுத்திப் பேசினார். ‘லிட்டில் நோய்’ என்றே இது பல காலம் அழைக்கப்பட்டது. பிரசவச் சிக்கல் ஒரு சிறு பங்கினருக்கு மட்டுமே காரணம் என்பது பிற்பாடு தெரிய வந்தது. பிறப்பதற்கு முன்பே மூளையில் ஏற்படும் பாதிப்பு, குறைமாதப் பிறப்பு, கிருமித் தொற்று, மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்படுவது எனக் காரணங்கள் பல.

இதை இங்கே விளக்கமாகச் சொல்லக் காரணம் உண்டு. நம் சமூகத்தில் இப்படி ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் முதல் விரல் தாயை நோக்கித்தான் நீளும். கிரகணத்தன்று வெளியே போனாள், கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டாள், போன பிறவிப் பாவம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இவற்றில் எதற்கும் மருத்துவ ஆதாரம் கிடையாது. தன்னையே குற்றவாளியாக எண்ணும் தாய், பிள்ளையை வெளியே கொண்டுவரக் கூசுகிறாள். அந்தக் கூச்சத்தில் கரைந்து போவது பிள்ளையின் சிகிச்சைக் காலம்.

மஞ்சளை லேசாக எண்ண வேண்டாம்

தடுக்கக்கூடிய காரணம் ஒன்றும் உண்டு. பிறந்த சில நாளில் வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானே தணிந்துவிடும். ஆனால் அளவு மீறினால், மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் என்ற பொருள் மூளைக்குள் இறங்கி, நிரந்தரப் பாதிப்பை உண்டாக்கிவிடும். அதனால் வரும் வாதத்தில் கை கால்கள் தம்மிஷ்டத்துக்கு முறுக்கிக்கொள்ளும். காதும் கேட்காமல் போகலாம்.

‘ஜி6பிடி’ என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். நம் வட்டாரத்தில் இக்குறை பரவலாக இருப்பதால்தான் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள். துணி அலமாரியில் போடும் பாச்சை உருண்டை இப்பிள்ளைகளுக்கு ஆகாது. ஆகவே பெட்டியில் வைத்திருந்த பழைய துணியைப் பச்சிளம் குழந்தைக்குச் சுற்ற வேண்டாம். வெயிலில் காட்டினால் போதும் என்று வீட்டிலேயே வைத்திருப்பதும் ஆபத்து. தாதி இரத்தம் எடுக்க வரச் சொன்ன நாளில் போய்விடுவதே பாதுகாப்பு.

மூளைக் காயம் வளராது, உடல் வளரும்

பெருமூளை வாதத்தில் மூளையில் ஏற்பட்ட காயம் நாளுக்கு நாள் பெரிதாவதில்லை. அப்படியென்றால் ஏன் அவசரம் என்று கேட்கலாம். காயம் வளராது, ஆனால் பிள்ளையின் உடல் வளரும். எலும்பு நீளும்போது, விறைத்த தசை அதற்கு ஈடுகொடுத்து நீள்வதில்லை. விளைவு? குதிகால் தரையில் படாமல் பிள்ளை நுனிக்காலில் நிற்கும். முழங்கால் மடங்கியே நிற்கும். இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல இடம் நழுவும். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு நழுவுகிறது. தொடக்கத்தில் வலிக்காது என்பதால் வெளியே தெரிவதும் இல்லை. அதனால்தான் குறிப்பிட்ட கால இடைவெளியில் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

அவசரத்துக்கு இன்னொரு காரணம் மூளையே. பிறந்தது முதல் சில ஆண்டுகளுக்கு மூளை மிக வேகமாகப் புதுப் பாதைகளைப் போட்டுக்கொள்கிறது. காயம்பட்ட பகுதியின் வேலையில் ஒரு பங்கை வேறு பகுதி கற்றுக்கொள்ளவும் இயலும். ஆனால் அதற்குப் பயிற்சி வேண்டும். பயன்படாத பாதையை மூளை மூடிவிடும்.

முன்பெல்லாம் 12 முதல் 24 மாதத்துக்குள்தான் இந்நோயை உறுதிப்படுத்துவார்கள். 2017ஆம் ஆண்டில் பல நாட்டு வல்லுநர்கள் கூடி வெளியிட்ட பரிந்துரை, ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளிடம் 6 மாதத்துக்கு முன்பே இதைக் கண்டறிய முடியும் என்று கூறியது. குழந்தை படுத்தபடி கை கால் அசைக்கும் விதத்தைக் கவனித்தல், நரம்பியல் சோதனை, எம்.ஆர்.ஐ. படம் ஆகியவை அதற்கான வழிகள். உறுதியாகத் தெரியாவிட்டாலும் ‘ஆபத்து அதிகம்’ என்ற நிலையிலேயே சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும் என்பது அந்தப் பரிந்துரையின் முக்கியச் செய்தி. நோய்க்குப் பெயர் வைக்கும்வரை சிகிச்சை காத்திருக்கத் தேவையில்லை.

பிடித்துவிடுவது பிசியோதெரபி அல்ல

பிசியோதெரபி என்றதும் எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது, கை காலை மடக்கி நீட்டுவது என்றே பலர் நினைக்கிறார்கள். எண்ணெய்க் குளியலில் தவறில்லை. தாயின் கை பட்டால் குழந்தைக்குச் சுகம், நன்றாகத் தூங்கும். ஆனால் அதனால் நடை வராது. விறைத்த காலை ‘வர்மம்’ என்றும் ‘சுளுக்கு’ என்றும் சொல்லி வேகமாக முறுக்கி இழுப்பவர்களிடம் மட்டும் பிள்ளையைக் கொடுத்துவிடாதீர்கள். நடமாட்டம் குறைந்த பிள்ளைகளின் எலும்பு வலுவிழந்திருக்கும். எளிதில் முறிந்துவிடும்.

மணலில் குழி தோண்டி இடுப்புவரை புதைத்து நிற்க வைக்கும் பழக்கமும் நம்மிடையே இருந்தது. காலில் எடை ஏற வேண்டும் என்ற எண்ணம் சரிதான். ஆனால் மணல் பிடித்துக்கொண்டிருப்பதால் பிள்ளையின் தசைக்கு வேலை இல்லை. இடுப்பும் பாதமும் எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்பதும் தெரியாது. இன்று அதே எண்ணத்துக்கு ‘ஸ்டாண்டிங் ஃபிரேம்’ என்ற நிற்கும் சட்டம் வந்துவிட்டது. கணுக்கால், முழங்கால், இடுப்பு எல்லாவற்றையும் நேராக வைத்து, பிள்ளையை மேசைமுன் விளையாடியபடியே நிற்கச் செய்யும் கருவி அது.

மருத்துவத் துறையும் இந்தப் பாடத்தை மெதுவாகத்தான் கற்றது. 1940களில் லண்டனில் பெர்த்தா போபாத் என்ற சிகிச்சையாளரும் அவர் கணவர் டாக்டர் காரல் போபாத்தும் தொடங்கிய முறை, பல பத்தாண்டுகள் உலகெங்கும் கோலோச்சியது. சிகிச்சையாளர் தம் கைகளால் பிள்ளையின் உடலைச் சரியான அசைவுக்குக் கொண்டுவருவது அதன் அடிப்படை. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளை ஒதுக்கி வைத்திருந்த காலத்தில் அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவாக்கும் குழுவினரும் 2013இலும் 2020இலும் உலக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வேறொரு பாடம் கிடைத்தது. பிறர் அசைத்துக் கொடுக்கும் அசைவைவிட, பிள்ளை தானே முயன்று, தனக்கு வேண்டிய ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் நல்ல பலன் தெரிகிறது.

மிதிவண்டி ஓட்டக் கற்றதை நினைத்துப் பாருங்கள். அப்பா காலைப் பிடித்து மிதித்துக் காட்டியதாலா கற்றோம்? தானே மிதித்து, தடுமாறி, மீண்டும் ஏறித்தானே கற்றோம்! காயம்பட்ட மூளையும் அப்படித்தான் கற்கிறது. ஒரே வேறுபாடு, அதற்கு இன்னும் அதிகத் தடவை தேவை.

நல்ல கைக்கு உறை போடும் வைத்தியம்

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. உடலின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட பிள்ளை, எல்லா வேலையையும் நல்ல கையாலேயே முடித்துக்கொள்ளும். பாதிக்கப்பட்ட கை சும்மா தொங்கும். நாளடைவில் அந்தக் கை இருப்பதையே மூளை மறந்துவிடும். அமெரிக்காவின் எட்வர்ட் டாப் என்ற ஆய்வாளர் இதைக் ‘கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை’ என்று பெயரிட்டு விளக்கினார்.

இதற்கான சிகிச்சையில், நல்ல கைக்கு ஓர் உறையை மாட்டிவிடுகிறார்கள். தினமும் குறிப்பிட்ட நேரம், சில வாரங்களுக்கு. அந்த நேரத்தில் பிஸ்கட் வேண்டுமென்றாலும் பொம்மைக் கார் வேண்டுமென்றாலும் பலவீனமான கைதான் போக வேண்டும். பிள்ளைகளிடம் நல்ல பலன் தரும் முறைகளில் இதுவும் ஒன்று என்று அந்தத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. ஆனால் எத்தனை நேரம், எந்த வயதில், எந்த விளையாட்டு என்பதைச் சிகிச்சையாளர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் நாமாகவே பிள்ளையின் கையைக் கட்டிப் போடக்கூடாது.

45 நிமிடமும் 168 மணி நேரமும்

வாரத்துக்கு ஒரு முறை 45 நிமிடச் சிகிச்சை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. பிள்ளை தூங்கும் நேரம் போக, விழித்திருப்பது ஏறத்தாழ 80 மணி நேரம். இந்த 80 மணி நேரத்தில் ஒன்றும் நடக்காவிட்டால், அந்த 45 நிமிடம் கடலில் கரைத்த பெருங்காயம்தான்!

"மூன்று மாதமாகப் போகிறோம், ஒன்றும் தெரியவில்லை" என்று குறைப்படும் பெற்றோர்கள், மீதி நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சி முன் சாய்வு நாற்காலியிலா? பணிப்பெண்ணின் இடுப்பிலா? ஒரு நல்ல சிகிச்சையாளர் அந்த 45 நிமிடத்தில் பிள்ளைக்குப் பயிற்சி தருவதோடு பெற்றோருக்கும் பாடம் எடுக்கிறார். தனியாகப் ‘பயிற்சி நேரம்’ என்று ஒதுக்காமல், அன்றாட வேலைகளுக்குள்ளேயே பயிற்சியைப் புகுத்துவதுதான் அந்தப் பாடம்.

காலையில் சட்டை போடும்போது கையைப் பிடித்து நுழைக்காமல், பிள்ளை தானே நீட்டும்வரை பொறுக்கலாம். முக்காலியில் உட்கார வைத்து, எழுந்து நின்றால்தான் எட்டும் உயரத்தில் பொம்மையை வைக்கலாம். முக்காலியிலிருந்து எழுவது தொடைக்கும் இடுப்புக்கும் தரப்படும் முதல்தரப் பயிற்சி. பூசையறையில் மணியடிக்கும் வேலையைப் பலவீனமான கைக்குக் கொடுக்கலாம். சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையை இரண்டு கையாலும் பிசையக் கொடுக்கலாம். சோபாவைப் பிடித்தபடி பக்கவாட்டில் நடந்து போய்த் தாத்தாவிடம் பத்திரிகையைக் கொடுக்கச் சொல்லலாம். பிள்ளைக்கு இது விளையாட்டு. மூளைக்கு இது நூறாவது தடவை.

இதில் கடினமானது பொறுமைதான். பிள்ளை ஒரு கரண்டியை எடுக்க ஒரு நிமிடம் தடுமாறினால் நம் கை தானாக நீளும். அந்த இடத்தில் கையைக் கட்டிக்கொள்வதும் அன்புதான் என்பதைப் பாட்டிக்கும் பணிப்பெண்ணுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிள்ளையோடு அதிக நேரம் இருப்பவர் யாரோ, அவரையே சிகிச்சை நாளில் உடன் அழைத்துப் போவது நல்லது.

வீட்டில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்துவது ஒன்று உண்டு. தூங்கும்போது மல்லாந்து; விழித்திருக்கும்போது நம் கண் முன்னே குப்புற. இன்னும் நகரத் தொடங்காத குழந்தையை நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடமாவது, சிறிது சிறிதாகக் குப்புற விட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. கழுத்தும் தோளும் முதுகும் அதில்தான் உரம் பெறுகின்றன.

சக்கரம் வைத்த வட்ட வாக்கரில் உட்கார வைத்தால் சீக்கிரம் நடக்கும் என்பது தவறான நம்பிக்கை. விபத்துகள் காரணமாகக் கனடா அதன் விற்பனையை 2004ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. நம் முன்னோர் செய்த மர நடைவண்டி வேறு வகை. அதில் பிள்ளை உட்காருவதில்லை. தன் காலில் தானே நின்று தள்ளுகிறது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

எல்லாருக்கும் ஒரே பயிற்சி அல்ல

பிசியோதெரபி பெருமூளை வாதத்துக்கு மட்டும் உரியதல்ல. சில குழந்தைகளின் தலை பிறந்த சில வாரங்களில் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். கழுத்துத் தசை ஒன்று இறுகிப் போனதே காரணம். முதல் இரண்டொரு மாதத்திலேயே தொடங்கினால், பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடும். பாதம் உள்நோக்கி வளைந்து பிறக்கும் குழந்தைகளுக்கு, ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் இக்னாசியோ பொன்செட்டியின் முறை பெரும் வரமாக அமைந்தது. வாரந்தோறும் மாவுக்கட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பாதத்தைத் திருப்பி, பிறகு 4 வயது வரை தூங்கும்போது சிறப்புக் காலணியை அணிவிக்கிறார்கள். பாதம் நேராகிவிட்டதே என்று பெற்றோர் இடையில் காலணியை விட்டுவிட்டால், பாதம் மீண்டும் வளைந்துவிடும்.

ஒருவருக்கு மருந்தானது இன்னொருவருக்குக் கெடுதலாவதும் உண்டு. தரையிலிருந்து எழும்போது தன் தொடையின் மேலேயே கையை ஊன்றி ஏறி எழும் சிறுவனைப் பார்த்தால், ‘டுஷேன்’ என்ற தசைச் சிதைவு நோயாக இருக்குமோ என்று மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். கெண்டைக்கால் பருத்துப் பலசாலியைப் போலத் தெரியும். அந்தச் சிறுவனை மாடிப்படியில் ஏற்றி இறக்கிக் கடும்பயிற்சி தந்தால், தசை மேலும் சிதையும். ஆகவே, கைப்பேசிக் காணொளியில் பார்த்த பயிற்சியையோ எதிர்வீட்டுப் பிள்ளைக்குச் சொன்ன பயிற்சியையோ நம் பிள்ளைக்குச் செய்ய வேண்டாம். முதலில் பரிசோதனை, அப்புறம் பயிற்சி.

"என் பிள்ளை நடக்குமா?"

பெற்றோர் கேட்கத் தயங்கும் கேள்வி இதுதான். நேர்மையாகச் சொன்னால், எல்லாப் பிள்ளையும் நடப்பதில்லை. பெருமூளை வாதத்தை முற்றாகக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை. "ஆறு மாதத்தில் ஓட வைக்கிறேன்" என்று மொத்தமாகப் பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கை தேவை.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல், பிள்ளைகளின் இயக்கத் திறனை 5 நிலைகளாகப் பிரித்தார்கள். முதல் நிலைப் பிள்ளை ஓடும், படியேறும். ஐந்தாம் நிலைப் பிள்ளைக்குத் தலையை நிறுத்தவும் துணை வேண்டும். 2002இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, இப்பிள்ளைகள் தம்மால் எட்டக்கூடிய இயக்கத் திறனில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை 5 வயதுக்குள் எட்டிவிடுகிறார்கள் என்று காட்டியது. ஆரம்ப ஆண்டுகளைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான். 5 வயதுக்குப் பிறகு சிகிச்சை வீண் என்பது இதன் பொருளல்ல. பெற்ற திறனைக் காப்பாற்றவும், வளரும் வயதில் மூட்டு இறுகாமல் இருக்கவும் அது தொடர வேண்டும். இரண்டு வயதுக்குள் துணையின்றி உட்காரும் பிள்ளை, ஊன்றுகோலின் உதவியோடாவது நடக்கும் வாய்ப்பு அதிகம் என்பதும் மருத்துவர்களின் அனுபவம்.

நடக்காத பிள்ளைக்கும் பிசியோதெரபி செய்யக்கூடியது ஏராளம். நேராக உட்கார்ந்தால் உணவு புரையேறும் ஆபத்து குறையும். சளி கட்டாமல் மூச்சு விடலாம். இடுப்பு வலியில்லாமல் இரவில் தூங்கலாம். சக்கர நாற்காலியில் ஏறத் தானே உதவினால், தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்த தாய்க்கும் விடிவு. சக்கர நாற்காலியைத் தோல்வியின் அடையாளமாகப் பார்க்காதீர்கள். பள்ளிக்கும் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் போக அது ஒரு வாகனம்.

மறுபக்கமும் உண்டு. 2016ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் மலேசியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பெர்லிஸ் இளைஞர் முகமட் ரிட்சுவான் முகமட் பூஸி, பெருமூளை வாதம் உள்ளவர். எல்லாரும் அவரைப் போல் ஓட முடியாதுதான். ஆனால் முயன்று பார்ப்பதற்கு முன்பே ஒரு பிள்ளையின் எல்லையை நாம் கோடு போட்டுவிடக் கூடாது.

எங்கே போவது?

மலேசியாவில், அரசாங்க கிளினிக்கில் தரும் குழந்தைச் சுகாதாரப் பதிவுப் புத்தகத்திலேயே வளர்ச்சிப் படிகள் குறிக்கப்பட்டுள்ளன. சந்தேகத்தை அங்குள்ள தாதியிடமோ டாக்டரிடமோ சொன்னால், மருத்துவமனையின் குழந்தை நல மருத்துவருக்கும் பிசியோதெரபிப் பிரிவுக்கும் கடிதம் தருவார்கள். சமூக நலத்துறையின் கீழ் இயங்கும் ‘பிடிகே’ எனப்படும் சமூக மறுவாழ்வு மையங்கள் 1984ஆம் ஆண்டு திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கி, இன்று நாடெங்கும் உள்ளன. மாற்றுத்திறனாளிக்கான ‘ஓகேயு’ அட்டையைப் பதிந்துகொள்ள வெட்கப்பட வேண்டாம். பல உதவிகளுக்கு அதுவே கதவு.

சிங்கப்பூரில், பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ சுகாதாரக் கையேட்டைக் காட்டிக் கேட்டால், கேகே மகளிர், சிறார் மருத்துவமனை அல்லது தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து ‘எப்பிக்’ எனப்படும் தொடக்கக் காலச் சிகிச்சைத் திட்டத்தில் 6 வயது வரை அரசாங்க மானியத்தோடு சேரலாம். 1957இல் தொடங்கிய பெருமூளை வாதக் குழந்தைகளுக்கான சங்கம் இன்றும் இப்பணியில் உள்ளது.

தனியார் நிலையத்துக்குப் போவதானால், சிகிச்சையாளர் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். சிங்கப்பூரில் 2011ஆம் ஆண்டுச் சட்டமும் மலேசியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கென்றே உள்ளன. கேட்பது உங்கள் உரிமை.

தாய் ஒருத்தியின் சுமை அல்ல

பிசியோதெரபி நிலையங்களின் காத்திருப்பு அறைகளில் பெரும்பாலும் தாய்மார்களே உட்கார்ந்திருக்கிறார்கள். வேலையை விட்டவர்கள் பலர். கணவன், மாமியார், மைத்துனர் எல்லாரும் "எப்படி இருக்கிறான்?" என்று கேட்பதோடு சரி. ஒரு பிள்ளையின் 80 மணி நேரத்தையும் ஒருத்தியே சுமந்தால், சில மாதங்களில் அவள் சோர்ந்து விழுவாள். அவள் விழுந்தால் சிகிச்சையும் நின்றுவிடும். மாலையில் அப்பா அரை மணி நேரம் பிள்ளையோடு தரையில் உட்காரலாம். அண்ணனும் அக்காளும் பந்தை உருட்டி விளையாடலாம். தாத்தா கதை சொல்லும்போது பிள்ளையை நிற்கும் சட்டத்தில் நிற்க வைக்கலாம்.

நேர்த்திக்கடன் வைத்திருப்பவர்கள் அதைச் செலுத்தட்டும், யாரும் தடுக்கவில்லை. கோயிலுக்குப் போகும் வழியில் கிளினிக்கிலும் ஒரு நாள் வாங்கிவிடுங்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால், அலமாரியில் கிடக்கும் அந்தச் சுகாதாரப் புத்தகத்தை இன்று மாலையே எடுத்து, பிள்ளையின் வயதுக்கு நேரே எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பாட்டியிடம் காட்டி அவரையும் மகிழ்ச்சிப்படுத்துங்கள். ஏதேனும் ஒன்று இடித்தால், அடுத்த வாரம் பாட்டியையும் அழைத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள்.